பழ ஈக்கு ஏது காது?

தேவிபட்டினம் ஆசிரியை:
விழுந்து கிடந்த பனம்பழத்தில் ஒரு பழ ஈ ஒற்றைச் சிறகை மட்டும் விரித்து அதிரவிட்டபடி இன்னொன்றைச் சுற்றி வந்தது. பெண் ஈயை அழைக்கும் பாட்டு அது என்றேன். காதில்லாத பூச்சி எப்படிக் கேட்கும் என்கிறாள் மாணவி. மரபணுப் பிறழ்வு அதைக் கெடுக்குமா?

மண்டபத்துக்காரர்:
உணர்கொம்பின் இறகு போன்ற இழை ஒலியில் அசைய, அந்த அசைவைக் கொம்பின் இரண்டாம் கணுவிலுள்ள ஜான்ஸ்டன் உறுப்பு நரம்புத் துடிப்பாக மாற்றுகிறது. நாஞ்சுங் மரபணு பழுதுற்றால் அத்துடிப்பு எழாது. பாட்டை ஒலிக்கவிட்டால் இயல்பான ஆண் ஈக்கள் ஒன்றையொன்று துரத்தி வரிசை கட்டும், செவிட்டு ஈக்கள் கண்டுகொள்ளா. இவ்வாறு சலித்தெடுத்த பிறழ்வுகளுள் ஒன்றுக்கு, செவித்திறன் இழந்த இசைமேதை பீத்தோவனின் பெயரையே வைத்தார்கள் ஆய்வாளர்கள், குறும்புக்காரர்கள்.

தொண்டி வாசகர்:
ஒன்றைச் சேர்க்க வேண்டும். செவிட்டுப் பெண் ஈ இணைய மறுப்பதில்லை. மணமும் தொடுகையும் துணைநிற்பதால், இசைவதற்குக் கூடுதல் நேரம் மட்டுமே எடுத்துக்கொள்கிறது. ஃப்ரூட்லெஸ் மரபணு பிறழ்ந்த ஆண்களோ பாட்டே ஒலிக்காதபோதும் ஆண்களை நாடி வரிசை கட்டுகின்றன என்பதால், வரிசையை மட்டும் பார்த்துச் செவித்திறனை முடிவு செய்யலாகாது.

தேவிபட்டினம் ஆசிரியை:
நன்றி ஐயா. பனம்பழம் மிச்சமிருக்கிறது; நாளை உருப்பெருக்கியில் அந்த இழையைக் காட்டுகிறேன்.