இலங்கையில் சீனா என்ன செய்கிறது என்று நாடாளுமன்றத்துக்கு ஆண்டு அறிக்கை வேண்டுமா?

குன்னூர்_மலைரயில்:
சீன ராணுவம் பற்றி அமெரிக்கப் பாதுகாப்புத் துறை ஆண்டுதோறும் காங்கிரசுக்கு அறிக்கை கொடுத்தாக வேண்டும். 2000-ஆம் நிதியாண்டுச் சட்டத்தில் இருந்து நடக்கிறது. இலங்கையில் சீனாவுக்கு எந்தத் துறைமுகம், எவ்வளவு கடன், எந்தக் கப்பல் என்று நம் வெளியுறவு அமைச்சகமும் சபையில் வைக்கும்படி ஒரு சட்டம் வரட்டுமே. 2017-ல் அம்பாந்தோட்டைத் துறைமுகம் ஒரு சீன நிறுவனத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்குப் போனது. 2022 ஆகஸ்டில் யுவான் வாங் 5 என்ற சீனக் கண்காணிப்புக் கப்பல் அதே துறைமுகத்தில் வந்து நின்றது. எம்.பி.க்களும் நம்மைப் போலப் பேப்பர் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா?

வெலிங்டன்_ஓய்வு:
தெரிந்ததை எல்லாம் அச்சடித்துக் கொடுத்தால் நமக்கு எது தெரியாது என்பதையும் பெய்ஜிங் கண்டுபிடித்துவிடும். இங்கே வெலிங்டனில் ராணுவ அதிகாரிகள் படிக்கும் ஸ்டாஃப் காலேஜில் இலங்கை அதிகாரிகளும் நம்மவர்களோடு உட்கார்ந்து படிக்கிறார்கள். அப்படிச் சேரும் நம்பிக்கையில்தான் காரியம் நடக்கும். 2024 ஜனவரி முதல் ஓராண்டுக்கு வெளிநாட்டு ஆய்வுக் கப்பல்களே வேண்டாம் என்று கொழும்பு நிறுத்தியது. நம் சபையில் கூச்சல் போட்டா அது நடந்தது?

குன்னூர்_மலைரயில்:
சார், 2022-லும் யுவான் வாங் வேண்டாம் என்று அமைதியாகத்தான் சொன்னோம். கொழும்பு முதலில் கப்பலைத் தள்ளிவைக்கச் சொன்னது, அப்புறம் விட்டுவிட்டது.

பந்தலூர்_கொழுந்து:
அண்ணா, சீனாவைக் கண்காணிக்க ஓர் அறிக்கை. சரி. அங்கே நம் அரசு செய்வதை யார் கேட்பது?

எங்கள் தாத்தா பாட்டி பதுளைப் பக்கத் தோட்டத்தில் இருந்தவர்கள். குடியுரிமை இல்லாத அந்தத் தோட்டத் தமிழர்களைப் பங்கு போட 1964 அக்டோபரில் இரு நாட்டுப் பிரதமர்கள் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் ஒன்றரை லட்சம் பேரை 1974-ல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அந்தச் சனத்தைக் கேட்டா எண்ணிக்கை போட்டார்கள்? வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-ல் இந்த மலையில் டான்டீ என்கிற தமிழக அரசுத் தேயிலைத் தோட்டங்களே தொடங்கின.

இப்போதும் அதே கதைதான். யாழ்ப்பாணத்தை ஒட்டிய நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மின் திட்டம் 2021-ல் ஒரு சீன நிறுவனத்துக்குப் போனது. நாம் முகம் சுளித்தோம். 2022 மார்ச்சில் அது இந்திய உதவித் திட்டமாக மாறியது. யார் போட்டாலும் கரண்டு வந்தால் போதும் என்று காத்திருந்த தீவுக்காரர்கள் எந்த அறிக்கையில் வருவார்கள்?

வெலிங்டன்_ஓய்வு:
ராமேஸ்வரத்துக்கு இவ்வளவு கிட்டத்தில் இருக்கும் தீவுகளை எப்படியம்மா விட முடியும்? கேள்வி கேட்க நாடாளுமன்றத்தின் வெளியுறவு நிலைக்குழு இருக்கிறது. மக்களவை 21, மாநிலங்களவை 10, ஆக 31 பேர். வெளியுறவுச் செயலரையே மூடிய அறைக்குள் கூப்பிட்டு விசாரிக்கலாம். அது போதும்.

குன்னூர்_மலைரயில்:
விசாரிக்கலாம். ஆனால் பரிந்துரையை ஏற்றாக வேண்டும் என்று கட்டாயம் இல்லையே. என்ன நடவடிக்கை எடுத்தோம் என்று அமைச்சகம் ஒரு பதில் எழுதினால் முடிந்தது. அதனால்தான் சட்டம் என்கிறேன். 2022 நெருக்கடியில் கடனும் உதவியுமாகச் சுமார் 400 கோடி டாலர் கொடுத்தோம். பணம் போன பிறகு பலன் என்ன என்று கேட்பது சபையின் வேலைதான்.

பந்தலூர்_கொழுந்து:
பணத்தைக் கேளுங்கள், நானும் கூட வருகிறேன். ஒப்பந்தத்தையும் சேர்த்துக் கேளுங்கள். சபையின் ஒப்புதல் இல்லாமலே அரசு வெளிநாட்டு ஒப்பந்தம் போடலாம். கச்சத்தீவு 1974-ல் அப்படித்தான் போனது. 2025 ஏப்ரலில் இலங்கையோடு போட்ட பாதுகாப்பு ஒப்பந்தத்தின் வாசகத்தைக் காட்டச் சொல்லிக் கொழும்பில் எதிர்க்கட்சிகள் கேட்டன. இங்கே எத்தனை பேர் கேட்டார்கள்? அறிக்கையில் இரண்டு பகுதி இருக்கட்டும்: சீனா என்ன செய்தது, நாம் என்ன செய்தோம்.

குன்னூர்_மலைரயில்:
இரண்டாவதைச் சேர்த்தால் எந்த அரசும் மசோதாவைத் தொடாது. முதலில் சீனா பகுதியாவது வரட்டும், மற்றதை அடுத்த திருத்தத்தில் பார்க்கலாம்.

பந்தலூர்_கொழுந்து:
அந்தத் திருத்தம் வரவே வராது அண்ணா. இந்தச் சட்டம் கேட்டு நீங்கள் அனுப்பும் மனுவில் என் பெயரைப் போட்டுவிடாதீர்கள்.