மறு: [சொல் தேடல்] ஸ்வே பாருக்குத் தமிழில் என்ன? ‘நிலைப்படுத்தி’ வேண்டாம், ‘சாய்வடக்கி’ இருக்கட்டும்

குழுவினருக்கு வணக்கம்.

ஸ்வே பாருக்குத் தமிழில் என்ன சொல் என்று நம் குழுவில் கேள்வி போட்ட தம்பி கேட்டது ஒரு சொல்லை மட்டும் அல்ல. ஜப்பானிலிருந்து வந்த தன் பழைய மஸ்டா அக்செலாவுக்குப் பின்பக்கம் தடித்த ஸ்வே பார் ஒன்று வாங்கப் போகிறார். எதைப் பார்த்து வாங்குவது, எப்படிப் பூட்டுவது என்று தமிழில் ஒரு குறிப்பு எழுதிக் கூட்டாளிகளுக்கும் கொடுக்க வேண்டுமாம். நல்ல ஆசை. நம் மொரீஷியஸ் தீவில் ரூபாய் நோட்டில் தமிழ் இருக்கிறது, கராஜில் ஒரு நட்டுக்குக்கூடத் தமிழ் கிடையாது. அதனால் அகராதியைப் புரட்டாமல், இந்த இழையில் வந்த சொற்களை ஒவ்வொன்றாக அந்தக் குறிப்புக்குள் போட்டு ஓட்டிப் பார்த்தேன். காருக்கடியில் படுத்திருப்பவனுக்கு எது உதவுகிறதோ அதற்குத்தான் என் ஓட்டு.

சாமான் என்னவென்று தெரியாதவர்களுக்கு: ‘ப’ எழுத்து வடிவில் வளைந்த எஃகுக் கம்பி. நடுப்பகுதி இரண்டு புஷ்களுக்குள் (கம்பியைச் சுற்றும் ரப்பர் உறைகள்) உட்கார்ந்து காரின் அடிச்சட்டத்தில் பிடிக்கப்பட்டிருக்கும். இரண்டு கைகளும் ஆளுக்கொரு சக்கரத்தின் சஸ்பென்ஷனோடு சிறு கோல்களால் (லிங்க் ராட்) சேரும். இரண்டு சக்கரமும் ஒன்றாக மேடேறினால் கம்பி புஷ்ஷுக்குள் சும்மா திரும்பிக் கொடுக்கும், எந்த வேலையும் செய்யாது. வளைவில் ஒரு பக்கம் அமுங்கி மறுபக்கம் எழும்பும்போதுதான் அது முறுகும், முறுகிக்கொண்டே எதிர்க்கும். கனடாவின் ஃபிரெடெரிக்டன் நகரத்து ஸ்டீபன் கோல்மன் 1919இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். அடிப்படை இன்றும் அதேதான்.

> ‘நிலைப்படுத்தி’ போதும். ஆங்கிலத்தில் ஸ்டெபிலைசர் பார், பிரெஞ்சில் பார் ஸ்தாபிலிசாத்ரீஸ். இரண்டுக்கும் பொருந்துகிறது.

ஐயா, இந்தச் சொல்லோடுதான் எனக்குப் பெரிய சண்டை. வோல்டேஜ் ஸ்டெபிலைசருக்கு ஏற்கெனவே அப்படித்தான் எழுதுகிறோம் என்பது சின்ன விஷயம். இடம் பார்த்துப் புரிந்துகொள்வார்கள். சிக்கல் வேறு. போட்டால் கார் நிலையாகும் என்று இந்தச் சொல் வாக்குக் கொடுக்கிறது. பின்பக்கக் கம்பியைப் பொறுத்தவரை அது பாதி உண்மை.

அக்செலா போன்ற முன்சக்கர இழுவைக் கார், வளைவில் வேகம் கூடினால் மூக்கை வெளியே தள்ளும். ஸ்டீயரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் நேராகப் போகவே பார்க்கும். கார் சாயும்போது உள்பக்க டயரிலிருந்து வெளிப்பக்க டயருக்குச் சுமை மாறுகிறது அல்லவா? பின்பக்கத்தை விறைப்பாக்கினால் அந்தச் சுமை மாற்றத்தில் பெரும்பங்கு பின் டயர்கள் தலையில் விழும். முன் டயர்களுக்குப் பிடிமானம் மிஞ்சும், மூக்கு உள்ளே வரும். தம்பிக்கு வேண்டியது இதுதான். ஆனால் முன்னால் வரவு வைத்ததைப் பின்னால் செலவு எழுத வேண்டும். கம்பி அளவுக்கு மீறித் தடித்துவிட்டால், வளைவின் நடுவில் பயந்துபோய் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்த நொடியில் வால் வீசிவிடும். க்யூர்பிப் தூறலில் நனைந்த ரவுண்டபவுட்டை நினைத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் ஒடித்து நுழைந்து, வலப்பக்கம் சுற்றி, மறுபடி இடப்பக்கம் ஒடித்து வெளியேறுகிறோம். சாய்வு பக்கம் மாறிக்கொண்டே இருக்கிற அந்த இடத்தில் பின் டயர் பிடி விட்டால் சமாளிக்க நேரமே கிடைக்காது.

நிலைப்படுத்தி என்ற பெயரை நம்பி வாங்குகிறவன், தடித்தது வாங்கினால் அதிக நிலை கிடைக்கும் என்றுதானே கணக்குப் போடுவான்? இந்தக் கணக்கு எவ்வளவு மோசமாகத் தப்பும் என்றும் சொல்லிவிடுகிறேன். கெட்டிக் கம்பியின் முறுக்கு விறைப்பு, விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். 16 மில்லிமீட்டர் கம்பியை எடுத்துவிட்டு 19 போட்டால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. விறைப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு. 19இலிருந்து 22க்குப் போனால் அதற்கு மேலும் 1.8 மடங்கு. “சும்மா 3 மில்லிதானே” என்று கடைக்காரர் சொன்னால் சிரித்துக்கொண்டே வேண்டாம் என்று சொல்லுங்கள். குழல் கம்பி வேறு கதை: வெளிவிட்டம் 22, சுவர் 3 மில்லிமீட்டர் என்றால் கெட்டிக் கம்பியின் எடையில் பாதிகூட இருக்காது, ஆனால் விறைப்பில் 72 சதவீதம் தங்கும். ஆக விட்டத்தை மட்டும் கேட்டால் போதாது, குழலா கெட்டியா என்றும் கேட்க வேண்டும்.

இன்னொரு தொல்லை, 90களின் ஹோண்டா சிவிக் வைத்திருப்பவர்களுக்கு. அதில் மிகத் தடித்த பின் கம்பியை வலுவூட்டும் தகடு இல்லாமல் போட்டால் கம்பி தாங்கும், அதைப் பிடித்திருக்கும் அடிச்சட்டத் தகரம் கிழியும். இதையும் நிலைப்படுத்தி என்றா சொல்வது?

> எதிர் உருளல் தண்டு. நேர் மொழிபெயர்ப்பு, ஆய்வுக் கட்டுரைக்கு ஏற்றது.

ஆங்கில ‘ஆன்டி-ரோல் பார்’ என்பதை அப்படியே பெயர்த்தது இது. ஆனால் உருளல் என்றால் சக்கரம் உருள்வது. பள்ளியில் ‘உருளும் உராய்வு’ படித்த பிள்ளை இதைப் பார்த்ததும் ஏதோ பிரேக் என்று நினைக்கும். பிள்ளை மேல் தப்பில்லை. தண்டு என்பது சுழலும் சாமானுக்குப் பழகிப்போன சொல், இதுவோ சுழல்வதே இல்லை. அப்புறம் அந்த ‘எதிர்’. காய்ச்சலைப் போக்கும் மாத்திரையைக் காய்ச்சல் மாத்திரை என்றுதான் கடையில் கேட்கிறோம். கொசுவைத் தடுக்கும் வலை கொசுவலை. தமிழ்த் தொகைச்சொல்லில் ‘எதிர்’ தானாக விளங்கும், ஒட்டவைக்கத் தேவையில்லை.

ரெயூனியன் நண்பர் காட்டிய ‘ஆந்திரூலி’, பிரெஞ்சில் இதே கம்பிக்கு உள்ள பெயர், நல்ல வழிகாட்டி. ரூலி என்பது கப்பல் பக்கவாட்டில் ஆடும் ஆட்டம். சக்கரம் உருள்வதோடு அதைக் குழப்பிக்கொள்ள வழியே இல்லை. நமக்கும் அப்படி ஒரு தனிச்சொல் வேண்டும்.

> முறுக்குக் கம்பி? வேலை செய்யும் விதத்தையே சொல்கிறது.

தமிழ்நாட்டு இரும்புக் கடையில் இந்தப் பெயரைச் சொன்னால் வீடு கட்டும் கம்பியை லாரியில் ஏற்றி அனுப்புவார்கள். தவிர, ஹோண்டா ஃபிட், மஸ்டா டெமியோ மாதிரி சின்னக் கார்களில் இரண்டு பின்சக்கரங்களையும் சேர்க்கும் விட்டமே (டார்ஷன் பீம் என்னும் உத்திரம்; மேலே சொன்ன கம்பியின் விட்டம் அல்ல) முறுகிக் கொடுக்கிற வகை. அதை ‘முறுக்கு விட்டம்’ என்று எழுதப்போகிறோம். இரண்டு முறுக்கு ஒரே குறிப்பில் வேண்டாம். (ஃபிட் வைத்திருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். பெரும்பாலும் கூடுதல் கம்பியை அந்த விட்டத்தோடு நேரே போல்ட் போட்டுப் பிடித்தால் முடிந்தது. புஷ்ஷும் இல்லை, கோலும் இல்லை.)

> ஒருக்களித்தல் என்ற வினையை ஏன் யாரும் நினைக்கவில்லை?

ஆசிரியை அம்மா, இந்த இழையிலேயே பெரிய கண்டுபிடிப்பு இதுதான். குப்புற, மல்லாக்க, ஒருக்களித்து என்று தூங்குகிறவனுக்கு மூன்று கிடை சொல்கிறோம். பிரேக் போட்டதும் கார் குப்புறக் கவிழப் பார்க்கிறது, ஆக்சிலரேட்டரை மிதித்ததும் மல்லாக்கச் சாய்கிறது, வளைவில் ஒருக்களிக்கிறது. பொறியியல் பாடத்தில் விழிபிதுங்க விளக்குகிற மூன்றையும் நம் பாட்டிமார் சொல்லிவைத்திருக்கிறார்கள். ‘கார் ஒருக்களிக்கிறது’, ‘ஒருக்களிப்புக் குறைந்தது’ என்று வாக்கியத்தில் அழகாக உட்காருகிறது. இயக்கத்துக்கு இந்தச் சொல்லையே வைப்போம், எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை.

சாமானுக்கு மட்டும் ‘ஒருக்களிப்படக்கி’ வாயில் நிற்கவில்லை. ஒரு பத்தியில் ஏழெட்டு தடவை வரும் சொல் அது. அதனால் என் முன்மொழிவு சாய்வடக்கி. பின் சாய்வடக்கி, முன் சாய்வடக்கி. சாய்வு என்பது பொதுச்சொல்தான், சாய்வு நாற்காலியும் உண்டு. ஆனால் ‘அடக்கி’ சேர்ந்ததும் அசைகிற ஒன்றை அடக்குவது என்று தெளிந்துவிடுகிறது. தடுப்பு என்றால் சாயவே விடாது என்று பொருளாகும். அடக்குவது என்றால் குறைப்பது, இது செய்வதும் அதுதான். எனக்கு முக்கியமானது: அளவு தப்பி, வால் வீசி, கார் கரும்புக் காட்டுக்குள் போய் நின்றாலும் அந்தக் கம்பி சாய்வை அடக்கித்தான் இருக்கும். பெயர் பொய் சொல்லாது.

இனிக் குறிப்பில் போட்டுப் பார்ப்போம். வரைவு இது (‘இணைகோல்’ என்றது அந்த லிங்க் ராடை):

“காரைச் சமதளத்தில் நிறுத்தி முன்சக்கரங்களுக்கு ஆப்பு வைக்கவும். பின்சக்கரங்கள் இரண்டையும் ஒரே உயரத்துக்குத் தூக்கி முட்டுக் கொடுக்கவும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போக வேண்டாம். ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கினால் சாய்வடக்கி முறுகி நிற்கும், இணைகோலின் நட்டு கழன்றதும் கம்பியின் கை விசையோடு துள்ளும்.

“இணைகோலின் நட்டைத் திருப்பும்போது உள்ளே இருக்கும் பால் ஜாயின்ட் காம்பும் கூடவே சுற்றும். பல கார்களில் காம்பின் நுனியில் அறுகோணக் குழி இருக்கும். அலன் கீயை அதில் செருகிப் பிடித்துக்கொண்டு ஸ்பானரால் நட்டைத் திருப்பவும். குழியில் மண்ணும் துருவும் அடைத்திருந்தால் முதலில் ஆணியால் சுரண்டி எடுக்கவும். இல்லாவிட்டால் கீ முழுதாக இறங்காமல் வழுக்கி, குழி வட்டமாகிவிடும். அப்புறம் அறுப்பதுதான் வழி.

“புதிய சாய்வடக்கி தடித்தது என்பதால் பழைய புஷ் சேராது. பாலியூரித்தேன் புஷ் என்றால் உள்பக்கம் சிலிக்கோன் கிரீஸ் தடவவும். தடவாவிட்டால் ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரிலும் கிறீச்சிடும். கம்பியை இரு பக்கமும் சரிசமமாக நடுவில் வைத்து, சைலன்ஸர் குழாய், பிரேக் ஹோஸ், பெட்ரோல் டாங்க் எதிலும் இடிக்கவில்லை என்று பார்க்கவும். சக்கரம் தொங்கும்போது பார்த்தால் போதாது, காரை இறக்கி எடை ஏறிய பின்பும் பார்க்க வேண்டும். கடைசி இறுக்கம் கார் தன் எடையில் நிற்கும்போது, தயாரிப்பாளர் கொடுத்த அளவுக்கு, டார்க் ரெஞ்சால்.”

எனக்குத் தடுக்கவில்லை. ‘எதிர் உருளல் தண்டை’ இதே இடங்களில் போட்டு ஒரு தரம் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், தெரியும்.

தமரின், ஃபிளிக்-ஆன்-ஃபிளாக் பக்கத்துக் கார்களுக்கு ஒரு வரி சேர்க்க வேண்டும். கடற்காற்றில் அந்த நட்டுகள் கல்லாகியிருக்கும், முதல்நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவிடுவது நல்லது.

மீதிச் சொற்களில் என் நிலைப்பாடு. லிங்க் ராடுக்கு ‘இணைகோல்’. மேலே எழுதிவிட்டேன், யாரும் திணறியிருக்க மாட்டீர்கள். புஷ் புஷ்ஷாகவே இருக்கட்டும். ஜாக்கி, ஸ்பானர் போல அதுவும் நம் சொல்லாகிவிட்டது, தூய்மை பார்த்து ‘உள்ளுறை வளையம்’ என்று எழுதினால் கடையில் ஒன்றும் கிடைக்காது. குறைத்திருப்பம் (அண்டர்ஸ்டீர்), மிகைத்திருப்பம் (ஓவர்ஸ்டீர்) என்று ஐயா கொடுத்தவை தேர்வுத்தாளுக்குச் சரி. குறிப்பில் நான் ‘மூக்கு விலகல்’, ‘வால் வீச்சு’ என்றே எழுதுவேன். காருக்குள் உட்கார்ந்திருப்பவனுக்கு எது நடக்கிறதோ அதுவே பெயர்.

‘முன்சுமை’ (ப்ரீலோட்) மட்டும் மறுபடி பேச வேண்டும். கார் சமமாக நிற்கும்போதே கம்பி ஒரு பக்கம் முறுகியிருந்தால் இடது வளைவில் ஒரு மாதிரி, வலது வளைவில் ஒரு மாதிரி நடந்துகொள்ளும். அங்கே கூடியிருப்பது சுமை அல்ல, முறுக்கு. ‘முன்முறுக்கு’ என்பதே சரி. நீளம் மாற்றக்கூடிய இணைகோலாக இருந்தால் இதைச் சோதிப்பது சுலபம்: கார் தன் எடையில் நிற்க, கடைசி போல்ட் கையால் தள்ளினாலே உள்ளே போக வேண்டும். சுத்தியல் கேட்டால் முன்முறுக்கு இருக்கிறது, கோலின் நீளத்தைத் திருத்து என்று அர்த்தம்.

கம்பியின் கையில் இருக்கும் துளைகளுக்கும் பெயர் வேண்டும். நுனிப்பக்கத்துத் துளையில் மாட்டினால் நெம்பும் நீளம் கூடும், விறைப்பு குறையும். வளைவுப்பக்கத்துத் துளையில் நேர்மாறு: கை 200 மில்லிமீட்டரிலிருந்து 180க்குக் குறைந்தால் விறைப்பு ஏறத்தாழ 23 சதவீதம் ஏறும். ‘இளந்துளை’, ‘விறைதுளை’ என்று வைக்கலாமா? தம்பி எந்தப் பெயரில் எழுதினாலும் சரி, நுனித்துளையில் தொடங்கச் சொல்லுங்கள். காய்ந்த ரோட்டில் பழகி, மழையிலும் ஓட்டிப் பார்த்து, அதற்கப்புறம் சமாரெல் ஏற்றத்துக்குப் போகட்டும். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் எல்லா நட்டையும் ஒரு முறை இறுக்கிப் பார்க்க வேண்டும். காப்பீட்டுக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவைப்பது நல்லது.

சாய்வடக்கி, இணைகோல், ஒருக்களிப்பு, முன்முறுக்கு நான்கையும் மறுப்பு வராவிட்டால் ஞாயிற்றுக்கிழமை நம் குழுவின் சொற்பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். துளைப் பெயர் இரண்டையும் நிறுத்திவைக்கிறேன். ‘இளந்துளை’ ஆசிரியை அம்மாவுக்குப் பிடிக்காது என்று தோன்றுகிறது, வேறு இருந்தால் அனுப்புங்கள்.

அன்புடன்,
கத்ர் போர்னிலிருந்து