சிவப்பைவிட ஊதா ஏன் அதிகம் வளைகிறது?

பாளையங்கோட்டை மாணவி:
குற்றாலத்தில் சாரல் காலத்துக் காலை வேளையில், வெயில் முதுகில் படும்படி பேரருவியைப் பார்த்து நின்றபோது, தெறிக்கும் திவலைகளில் வானவில்லின் ஒரு துண்டு தெரிந்தது. வெளிவிளிம்பில் சிவப்பு, உள்விளிம்பில் ஊதா. வெற்றிடத்தில் எல்லா நிறங்களும் ஒரே வேகத்தில் செல்லும்போது, தண்ணீருக்குள் மட்டும் ஊதா ஏன் அதிகமாக வளைகிறது? ‘அலைநீளம் குறைவு, ஆகவே விலகல் அதிகம்’ என்ற மனப்பாட விடை எனக்குப் போதவில்லை.

தென்காசி ஆசிரியர்:
அது விதியைச் சொல்கிறதே தவிரக் காரணத்தைச் சொல்லவில்லை, அம்மா. தண்ணீருக்குள் நுழையும் ஒளியலை, மூலக்கூறுகளில் கட்டுண்ட எலக்ட்ரான்களை அதிரச் செய்கிறது; அவை அதே அதிர்வெண்ணில் தாமும் அலைகளை வெளியிட, மூல அலையோடு அவை சேர்ந்து உண்டாகும் கூட்டலையின் முகடுகள் பின்தங்கிவிடுகின்றன. இதைத்தான் வேகம் குறைகிறது என்கிறோம். தண்ணீரிலும் கண்ணாடியிலும் இந்த எலக்ட்ரான்களின் இயல்பு அதிர்வெண், அதாவது அவை தாமாகவே ஆட விரும்பும் அதிர்வெண், புற ஊதாப் பகுதியில் உள்ளது. அதற்கு அருகிலுள்ள ஊதா அவற்றைக் கூடுதலாக ஆட்டுவதால் கூடுதலாகப் பின்தங்குகிறது. சிவப்பு எட்ட நிற்கிறது.

656 நானோமீட்டர் சிவப்புக்குத் தண்ணீரின் விலகல் எண் (வெற்றிடத்தில் ஒளியின் வேகம் ஊடகத்தில் உள்ளதைப்போல் எத்தனை மடங்கு என்பதைக் காட்டும் எண்) சுமார் 1.331, 404 நானோமீட்டர் ஊதாவுக்கு 1.343. படுகோணம் 45 பாகையானால், விலகுகோணம் முறையே 32.1, 31.8 பாகை. இவ்வளவு சிறிய வேறுபாடுதான். ஆனால் ஒளி துளியின் பின்புறத்தில் எதிரொளித்து, வெளியேறும்போது மறுபடியும் விலகுவதால், சூரியனுக்கு நேரெதிர்த் திசையிலிருந்து சிவப்பு சுமார் 42.4 பாகையிலும் ஊதா 40.6 பாகையிலும் செறிந்து, கண்ணுக்குப் பிரிந்து தெரிகின்றன.

பாளையங்கோட்டை மாணவி:
மிக்க நன்றி, ஐயா. அப்படியானால் 656 நானோமீட்டர் சிவப்பு தண்ணீருக்குள் சுமார் 493 ஆகச் சுருங்குமே! தாமிரபரணியில் முங்கிக் கண்ணைத் திறந்தால் அது நீலப்பச்சையாகத் தெரிய வேண்டாமா?

தென்காசி ஆசிரியர்:
தெரியாது. ஊடகம் மாறும்போது வேகமும் அலைநீளமும் மாறும், அதிர்வெண் மாறாது. நாம் காணும் நிறம் அதிர்வெண்ணைப் பொறுத்தது. கரையில் நிற்கும்போதும் ஒளி விழிநீர்மத்தின் வழியாகத்தான் விழித்திரையை அடைகிறது.

அம்பாசமுத்திரம் வாசகர்:
ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம், ஐயா. ஊதாதான் எப்போதும் அதிகம் வளையும் என்பதில்லை. ஃபுக்சின் என்னும் சாயத்தை ஆல்கஹாலில் கரைத்து, அந்தக் கரைசலை முப்பட்டக வடிவில் வைத்து 1870இல் டென்மார்க் இயற்பியலாளர் கிறிஸ்டியான்சென் ஆராய்ந்தபோது, ஊதாவைவிடச் சிவப்பே அதிகமாக வளைந்தது. அச்சாயம் பச்சை ஒளியை உறிஞ்சுகிறது. அதாவது அதன் இயல்பு அதிர்வெண், கண்ணுக்குத் தெரியும் நிறமாலையின் நடுவிலேயே இருக்கிறது. ஊதா அதைத் தாண்டி அப்பால் இருப்பதால், எலக்ட்ரான்கள் அதன் போக்குக்கு எதிர்த்திசையில் ஆடி விலகல் எண்ணைக் குறைத்துவிடுகின்றன.