மூவாயிரம் ரூபாய்க்குள் மெக்கானிக்கல் கீபோர்டு: நாள் முழுக்கத் தமிழ் தட்டுகிறவருக்குத் தேவையா, வீண் செலவா?

மெய்ப்புக்காரி:
பதிப்பகங்களுக்குத் தட்டச்சும் மெய்ப்பும் வீட்டிலிருந்தே செய்து தருகிறேன். தமிழ்99 என்ற கீபோர்டு முறையில் தட்டுகிறேன். காலையில் உட்கார்ந்தால் விளக்கு வைக்கும் வரை கை கீபோர்டில்தான். இப்போது இருப்பது கம்ப்யூட்டரோடு சேர்த்துக் கொடுத்த சாதாரண மெம்பிரேன் கீபோர்டு. தமிழ்99-ல் புள்ளி இருப்பது எஃப் கீயில். அந்தக் கீ மட்டும் உள்ளே ரப்பர் தளர்ந்துபோய், ஓங்கி அழுத்தினால்தான் புள்ளி விழுகிறது. விரல் இடம் தெரிவதற்காக அதன் மேல் இருக்கும் சின்னக் கோடுகூடத் தேய்ந்துவிட்டது. சாயங்காலம் ஆனால் ஆள்காட்டி விரலில் வலி.

மெக்கானிக்கல் வாங்கு என்கிறான் தம்பி. அந்தக் காசுக்கு நாலு சாதாரண கீபோர்டு வாங்கலாமே என்கிறார் வீட்டுக்காரர். என்னால் முடிந்தது 3,000 ரூபாய். அதே அறையில் கைக்குழந்தை தூங்கும் என்பதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

சுவிட்ச்பித்தன்:
தயங்காமல் வாங்குங்கள் அக்கா. விளையாடுகிற பிள்ளைகளைவிட நாள் முழுக்கத் தட்டுகிறவர்களுக்குத்தான் இது முதலில் தேவை.

மெம்பிரேனில் எல்லாக் கீக்கும் அடியில் ஒரே ரப்பர் விரிப்பு, அதில் கீக்கு ஒரு குமிழ். குமிழ் முழுக்க மடங்கி அடியைத் தொட்டால்தான் எழுத்து விழும். குமிழ் தளர்ந்துவிட்டால் அந்த ஒரு கீயை மட்டும் மாற்ற வழி கிடையாது. மெக்கானிக்கலில் ஒவ்வொரு கீக்கும் தனி சுவிட்ச், தனி ஸ்பிரிங். செர்ரி எம்எக்ஸ் என்ற சுவிட்ச் அமைப்பில் கீ மொத்தம் 4 மி.மீ. இறங்கும், பாதியில், 2 மி.மீ. இறங்கும்போதே எழுத்து பதிந்துவிடும். அடிவரை இடிக்க வேண்டியதே இல்லை.

செர்ரி ஜெர்மன் நிறுவனம். அதன் காப்புரிமைக் காலம் முடிந்த பிறகு கேட்டரான், கைல், அவுட்டமு என்று சீன நிறுவனங்கள் அதே அமைப்பில் சுவிட்ச் செய்ய ஆரம்பித்தன. நம் பட்ஜெட்டுக்குள் இன்று இவ்வளவு மாடல்கள் கிடைப்பது அதனால்தான்.

நிறத்தைப் பொறுத்து குணம் மாறும். சிவப்பு சுவிட்ச் நேராக வழுக்கி இறங்கும், அழுத்த 45 கிராம் அளவு போதும். பழுப்பில் நடுவே ஒரு சின்ன மேடு தட்டுப்படும், 55 கிராம் போல. நீலத்தில் மேடும் உண்டு, 'டக்' என்ற சத்தமும் உண்டு, 60 கிராம் போல. குழந்தை தூங்குகிற அறையில் நீலத்தை நினைத்தே பார்க்காதீர்கள்.

எளிமைவாசி:
நான் இதை எதிர்க்கிறேன். மேலே சொன்ன 2 மி.மீ. கணக்கு காகிதத்தில் சரி. வேகமாகத் தட்டும்போது யார் பாதியில் நிறுத்துகிறார்கள்? விரல் போகிற வேகத்தில் எல்லோரும் அடிவரைதான் இடிக்கிறோம். சிவப்பு சுவிட்சில் தடையே இல்லாததால் இன்னும் பலமாக இடிப்போம். ரப்பர் குமிழ் அந்த இடியைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். பிளாஸ்டிக் மேல் பிளாஸ்டிக் மோதினால் வாங்கிக்கொள்ள எதுவும் இல்லை.

அடுத்தது உயரம். மலிவு மெக்கானிக்கல் கீபோர்டுகள் பெரும்பாலும் தடிமனானவை. முன்விளிம்பே உயரமாக இருப்பதால் மணிக்கட்டு மேல்நோக்கி மடங்கித்தான் நிற்கும். நாள் முழுக்க அப்படித் தட்டினால் வலி விரலிலிருந்து மணிக்கட்டுக்கு இடம் மாறும், அவ்வளவுதான்.

ஆயுள் பற்றியும் யாராவது சொல்வார்கள், அதனால் நானே கணக்குப் போட்டுவிடுகிறேன். மெக்கானிக்கல் சுவிட்சுக்கு 5 கோடி அழுத்தம் என்று விளம்பரம் வரும். மெய்ப்புக்காரி ஒரு நாளில் புள்ளியை 3,000 முறை தட்டுகிறார் என்று வையுங்கள். 5 கோடி தீர 45 வருடம் ஆகும். லாஜிடெக் கே120 சாதாரண மெம்பிரேன்தான். அதற்கு அந்த நிறுவனம் சொல்வது 1 கோடி. அதுவே 9 வருடம். விலை ஆயிரத்துக்கும் குறைவு. 45 வருட ஆயுளுக்கு யாரும் கீபோர்டு வாங்குவதில்லை. மிச்சப் பணத்தை நாற்காலியில் போடுங்கள் என்பதுதான் என் கருத்து.

லோயர்ஹையர்:
தட்டச்சுப் பள்ளி நடத்துகிறேன். லோயர், ஹையர் பரீட்சைக்கு வருகிற பிள்ளைகளின் விரலைத் தினமும் பார்க்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன்.

பாதியில் யாரும் நிறுத்துவதில்லை என்கிறார் எளிமைவாசி. நிறுத்தக் கற்றுக்கொடுக்கலாம். நீல சுவிட்சில் எழுத்து விழுகிற இடத்திலேயே சத்தம் கேட்கிறது. அந்தச் சத்தத்தைக் காது பிடித்துக்கொண்டால் விரல் அங்கேயே திரும்பிவிடும். டைப்ரைட்டரில் குத்திப் பழகிய பிள்ளைகளை நான் அப்படித்தான் மென்மையாக்குகிறேன்.

நம் ஊரில் இதற்காக ரொம்பத் தேட வேண்டியதே இல்லை. டிவிஎஸ் கோல்டு என்று ஒன்று இருக்கிறது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட டிவிஎஸ் எலக்ட்ரானிக்ஸ் தயாரிப்பு. உள்ளே நீல சுவிட்ச். பாரத் என்ற பதிப்பில் ரூபாய்க் குறியும் உண்டு. வங்கியிலும் பில் போடும் கவுன்டரிலும் 'டக் டக்' என்று கேட்குமே, அநேகமாக இதுதான். வண்ண விளக்கு கிடையாது, அழகு கிடையாது. 104 கீயும் இருக்கும், உழைக்கும். மூவாயிரத்தை ஒட்டி வரும்.

சுவிட்ச்பித்தன்:
டீச்சர், கோல்டு நல்ல கீபோர்டு என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கேட்டவர் வீட்டில் கைக்குழந்தை. அடுத்த அறை வரை கேட்கும் சத்தம் அது. இன்னொன்று, அதில் சுவிட்சுகளைச் சர்க்யூட் பலகையோடு ஈயம் வைத்துப் பற்றவைத்திருப்பார்கள். ஒன்று பழுதானால் சால்டரிங் தெரிந்த ஆளிடம் போக வேண்டும்.

இன்று அதே விலையில் ஹாட்ஸ்வாப் வகை கிடைக்கிறது. சுவிட்சை ஒரு சின்ன இடுக்கியால் பிடுங்கி, வேறு ஒன்றைக் கையாலேயே செருகிக்கொள்ளலாம். புள்ளிக் கீ தேய்ந்தால் அதை மட்டும் மாற்றலாம். சிவப்பு பிடிக்கவில்லையா, பழுப்பு வாங்கிப் போடலாம். சத்தம் கூடாது என்றால் உள்ளே ரப்பர் வைத்த சைலன்ட் சுவிட்சும் உண்டு. கீபோர்டை மாற்றாமலே கீபோர்டை மாற்றுகிற வசதி இது.

எளிமைவாசி:
ஹாட்ஸ்வாப் பற்றிப் பேசுகிறவர்கள் சொல்லாமல் விடுகிற ஒன்று: எல்லா ஹாட்ஸ்வாப்பும் ஒன்றல்ல. சில மலிவு மாடல்களில் சுவிட்ச் செருகும் துளை குறுகல். அவுட்டமு போல மெல்லிய பின் (சுவிட்சின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கால்) உள்ளவை மட்டுமே போகும். மற்றதைத் திணித்தால் பின் வளையும், துளை கெடும். 3 பின், 5 பின் என்று வேறு இரண்டு வகை. மெய்ப்பு பார்க்கிறவர் இதையெல்லாம் படித்துக்கொண்டிருக்க வேண்டுமா?

முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். மலிவு சுவிட்சில் சாட்டரிங் என்று ஒரு நோய் வரும். உள்ளே உலோகத் தகடு சரியாகத் தொடாமல் அதிர்ந்து, ஒரு தட்டலை இரண்டாகப் பதிவு செய்யும். ஆங்கிலத்தில் தட்டுகிறவருக்கு ஒரு எழுத்து கூடுதலாக வரும், ஸ்பெல்செக் சிவப்புக் கோடு போட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். தமிழ்99-ல் அப்படி இல்லை. ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும் என்பது அந்த முறையின் விதி. ட கீ சாட்டர் ஆனால் 'பாடு' என்பது 'பாட்டு' ஆகிவிடும். இரண்டும் சரியான சொல். எந்தத் திருத்தியும் கண்டுபிடிக்காது. நான் வாங்கிய ஒரு மலிவு மெக்கானிக்கல் கீபோர்டில் இது நடந்தது. பிழை அச்சுக்குப் போன பிறகுதான் தெரிந்தது. எந்த நிறுவனம் என்பது இங்கே தேவையில்லை. மெம்பிரேனில் இந்தத் தொல்லையை நான் பார்த்ததே இல்லை.

மெய்ப்புக்காரி:
இது எனக்குப் பெரிய விஷயம். விரல்வலியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பிழை என் பெயரில் அச்சாவதைப் பொறுக்க முடியாது. சுவிட்ச்பித்தன் தம்பி, இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

சுவிட்ச்பித்தன்:
சாட்டரிங் உண்மைதான் அக்கா, மழுப்ப மாட்டேன். பெரும்பாலும் தூசியாலோ, செருகும்போது பின் வளைந்துபோனதாலோ, தொடுதகடு கெட்டதாலோ வரும். சுவிட்சைக் கழற்றி ஊதிச் சுத்தம் செய்து திரும்பச் செருகினால் பல நேரம் சரியாகிவிடும். சரியாகாவிட்டால் புது சுவிட்ச், சில பத்து ரூபாய்க்குள் முடிந்துவிடும். ஈயம் வைத்துப் பற்றவைத்த கீபோர்டில் இதே நோய் வந்தால்தான் ஆபத்து. எளிமைவாசி சொன்ன காரணத்துக்காகவே ஹாட்ஸ்வாப் வேண்டும் என்கிறேன். துளை குறுகலா என்பது விவரப் பட்டியலைப் பார்த்தால் தெரிந்துவிடும்: '3 பின், 5 பின் இரண்டும் பொருந்தும்' என்று எழுதியிருந்தால் பொதுவாகப் பிரச்சினை இருக்காது. செருகும்போது பின் நேராக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் ஒரு முறை பாருங்கள், போதும்.

மெம்பிரேனில் பிழை வராது என்பதை மட்டும் ஏற்க மாட்டேன். அதில் எழுத்து விழாமல் போகும். அக்காவின் புள்ளிக் கீ இப்போது அதைத்தான் செய்கிறது. புள்ளி விழாவிட்டால் 'கல்' என்பது 'கல' ஆகும். அதுவும் பிழைதானே?

லோயர்ஹையர்:
பழுதானால் யார் வருவார்கள் என்ற கேள்வியை இரண்டு பேருமே தாண்டிப் போகிறீர்கள். ஆன்லைனில் வருகிற பல பிராண்டுகளுக்கு வாரண்டி என்றால் பெட்டி கட்டி வேறு ஊருக்கு அனுப்ப வேண்டும். அது திரும்பி வருகிற வரை வேலை நிற்கும். தினக்கூலி மாதிரி பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்குகிறவர்களுக்கு அது கட்டுப்படியாகாது. எந்த கீபோர்டை வாங்கினாலும் பழையதைத் தூக்கிப் போடாமல் வைத்துக்கொள்ளுங்கள் அம்மா.

வல்லைவெளி:
யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். நான் பாமினி முறையில தட்டுற ஆள், தமிழ்99 இல்லை. ஆனால் சைஸ் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை. மலிவா வாறதில நிறைய 60 சதவீதக் கீபோட். 61 கீ மட்டும்தான் இருக்கும். அம்புக்குறி இல்லை, ஹோம், எண்ட், டிலீட் ஒண்டும் தனியா இல்லை. எல்லாத்துக்கும் எஃப்என் கீயையும் சேத்துப் பிடிக்கவேணும். மெய்ப்புப் பாக்கிற ஆளுக்கு அது சரிவராது அக்கா. அம்புக்குறி தனியா இருக்கிற 75 சதவீதமோ, நம்பர்ப் பகுதி மட்டும் இல்லாத டிகேஎல் சைஸோ எடுங்கோ.

சுவிட்ச்பித்தன்:
வல்லைவெளி அண்ணா சொன்னது முக்கியமான எச்சரிக்கை. சில 61 கீ மாடல்களில் சாய்கோட்டுக் கீயே மேல் அம்பாகவும் வேலை செய்யும். தமிழ்99-ல் அந்தக் கீயில் இருப்பது ழ. அம்பு நிலையில் மாட்டிக்கொண்டால் ழ தட்டும்போதெல்லாம் கர்சர் ஒரு வரி மேலே ஏறிவிடும்.

இன்னொரு எச்சரிக்கை, இது மலிவில் தேடுகிற எல்லோருக்கும். 'மெக்கானிக்கல் ஃபீல்', 'செமி மெக்கானிக்கல்' என்று போட்டிருந்தால் அது மெம்பிரேன்தான். வண்ண விளக்கும் உயரமான கீகேப்பும் (கீயின் மேல்மூடி) போட்டு ஏமாற்றுவார்கள். சுவிட்ச் எந்த நிறுவனம், எந்த நிறம் என்று தெளிவாக எழுதாத பொருளைத் தொடாதீர்கள். கீகேப் பிபிடி பிளாஸ்டிக்காக இருந்தால் நல்லது. ஏபிஎஸ் சீக்கிரம் வழவழவென்று மினுங்க ஆரம்பித்துவிடும்.

எளிமைவாசி:
இவ்வளவு எச்சரிக்கை தேவைப்படுகிற ஒரு பொருளைத்தான் 'தயங்காமல் வாங்குங்கள்' என்று முதலில் சொன்னீர்கள். எனக்கு அதுதான் ஆதங்கம். காசு எண்ணிச் செலவழிக்கிற வீட்டில் 3,000 என்பது சும்மா இல்லை.

சுவிட்ச்பித்தன்:
காசு எண்ணுகிற வீடு என்பதால்தான் இவ்வளவு விளக்கம். கையால் சம்பாதிக்கிறவர் கைக்குச் செலவழிப்பதை வீண் என்று என்னால் சொல்ல முடியாது. தையல்காரரிடம் நல்ல கத்தரி எதற்கு என்று கேட்போமா?

மெய்ப்புக்காரி:
எல்லோருக்கும் நன்றி. வாங்குவது என்று முடிவு செய்துவிட்டேன். நம்பர்ப் பகுதி இல்லாத டிகேஎல், ஹாட்ஸ்வாப், பழுப்பு சுவிட்ச். சிவப்பு வேண்டாம் என்று நினைத்ததற்குக் காரணம் எளிமைவாசி சொன்னதுதான்: தடையே இல்லாவிட்டால் நான் இன்னும் குத்துவேன். நீலம் எனக்கும் ஆசைதான் டீச்சர், குழந்தை வளரட்டும். மணிக்கட்டு உயரத்துக்கு மட்டும் என்ன செய்வது என்று சொல்லுங்கள்.

எளிமைவாசி:
வாங்குவதில் எனக்கு இன்னும் உடன்பாடில்லை. வாங்கப் போகிறீர்கள் என்பதால் சொல்கிறேன். கீபோர்டின் பின்பக்கக் கால்களை விரிக்காதீர்கள், மடக்கியே வையுங்கள். மேசை உயரம் என்றால் நாற்காலியை ஏற்றி, முழங்கை கீபோர்டு மட்டத்துக்கு வருகிற மாதிரி உட்காருங்கள். மணிக்கட்டுக்கு முன்னால் கீபோர்டு விளிம்பளவு உயரத்தில் மரக்கட்டையோ மடித்த துணியோ வையுங்கள். தட்டும்போது அதில் சாய வேண்டாம், ஓய்வுக்கு மட்டும். அடியில் தடித்த மேசைவிரிப்பு போட்டால் சத்தமும் குறையும்.

பெட்டி வந்ததும், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் சோதித்துவிடுங்கள். தமிழ்99-ல் இந்தச் சொற்களை ஒவ்வொன்றும் ஒரு பக்கம் நிறைய, உங்கள் வழக்கமான வேகத்தில் தட்டுங்கள்: மகள், பசை, பாடு, பதி, அமை, பலி, புளி, கனி. பிறகு மக்கள், பச்சை, பாட்டு, பத்தி, அம்மை, பல்லி, புள்ளி, கன்னி என்று தேடிப் பாருங்கள். ஒன்று கிடைத்தாலும் எந்தக் கீ என்று குறித்துக்கொண்டு அந்த சுவிட்சை மாற்றுங்கள். இரண்டு மூன்று கீயில் கிடைத்தால் சுவிட்சோடு மல்லுக்கட்ட வேண்டாம், கீபோர்டையே திருப்பி அனுப்பிவிடுங்கள்.