கேஸ், மரத்தூள் வெடிப்பை நெருங்கிப் பார்த்தவர்கள் எழுதுங்கள் (மலேசியா, குளுவாங் வட்டாரம்)

கித்தாமரத்தான்:
நான் வேலை பார்த்தது கித்தா (ரப்பர்) மரத்தில் நாற்காலி செய்யும் ஃபேக்டரி, பெயர் வேண்டாம். ஒருநாள் பலகைக்குள் கிடந்த ஆணி, மரம் தேய்க்கும் சேண்டர் பெல்ட்டில் பட்டுப் பொறி பறந்தது. அடிக்கடி நடப்பதுதான், யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, வெளியே தூள் சேரும் பை பக்கம் கருகல் வாடை. புதுப் பையன் ஒருவன் ஊதித் தள்ளிவிடலாம் என்று கம்ப்ரசர் ஹோஸை இழுத்துக்கொண்டு ஓடினான். மண்டோர் (மேஸ்திரி) ஒரே பாய்ச்சலில் ஹோஸைப் பிடுங்கி எறிந்துவிட்டு, மெஷின்களை நிறுத்தச் சொல்லி பொம்பாவுக்கு (தீயணைப்புப் படைக்கு) போன் போட்டார்.

மரத்தூள் காற்றில் மிதந்தால்தான் வெடிக்கும். குவிந்து கிடந்தால் உள்ளுக்குள்ளேயே கனன்றுகொண்டிருக்கும், புகைகூடச் சரியாக வராது. சேண்டரிலிருந்து தூளை உறிஞ்சும் குழாய் வழியாகப் போன கங்கு அந்தக் குவியலில்தான் உட்கார்ந்திருந்தது. ஊதியிருந்தால் தூளும் கிளம்பியிருக்கும், நெருப்பும் அங்கேயே தயார். 2008-இல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் சர்க்கரை ஆலை வெடித்து 14 பேர் செத்தார்களே, அதற்குக் கன்வேயரில் சூடான பேரிங்தான் காரணமாக இருக்கும் என்றது விசாரணை. முதல் வெடிப்பு அந்த மூடிய கன்வேயருக்குள். அது உலுக்கியதில் ஆலை முழுக்கப் படிந்திருந்த சர்க்கரைத் தூள் கிளம்பி அடுத்தடுத்து வெடித்ததுதான் பெரிய நாசம்.

லயத்துவீட்டுக்காரி:
எங்கள் வீட்டில் கேஸ். ராத்திரி டியூப் கழன்றிருக்கிறது, விடிகாலை அடுப்படி முழுக்க நாற்றம். அத்தை சொன்னது, "காத்தாடியத் தட்டி விடு, போயிடும்." நல்லவேளை, பக்கத்து வீட்டு அண்ணன் வாசலிலிருந்தே கத்தினார், சுவிட்சில் கை வைக்காதே என்று. எரிகிற விளக்கை அணைப்பதும் கூடாதாம், அதிலும் பொறி வரும். தோங்கை (கேஸ் சிலிண்டரை) மூடிவிட்டு முன்கதவு, பின்கதவு இரண்டையும் திறந்து வைத்தோம். சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு தங்கும். காற்றில் 2 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். அதற்கு வேண்டிய பொறியின் சக்தி ஒரு மில்லிஜூலில் (ஜூலில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கால்வாசிதான். மரத்தூளுக்குப் பல மடங்கு வேண்டும் என்கிறார்கள், அப்படியானால் சட்டை உரசி வரும் பொறியே கேஸுக்குப் போதும் போலிருக்கிறது!

ஆலைக்காரன்:
போதும் அக்கா. ஆனால் பொறியை மட்டும் துரத்துவதில் எனக்கு உடன்பாடில்லை, எத்தனையைத்தான் தடுப்பது? செம்பனை ஆலையில் கழிவுக் குளத்தை மூடி பயோகேஸ் எடுக்கிறோம். அதிலுள்ள மீத்தேன் காற்றில் 5 முதல் 15 சதவீதம் இருந்தால்தான் வெடிக்கும், உள்ளே அதைவிட மிக அதிகம், அதனால் சும்மா கிடக்கிறது. மூடியைக் கழற்றிக் காற்று புகும் நேரம்தான் வயிறு கலங்கும். கேஸ் டிடெக்டர் பூஜ்யம் காட்டாமல் அங்கே வெல்டிங் பெர்மிட் கிடையாது, கிராணி (ஆபீஸ் குமாஸ்தா) குதித்தாலும் சரி.

கித்தாமரத்தான்:
அப்புறம் இன்னொன்று. எங்கள் இடத்தில் லேக்கர் (மரத்துக்கான வார்னிஷ்) அடிக்கும் அறைக் காற்றையும் தூள் குழாயிலேயே சேர்த்துவிடலாம், செலவு மிச்சம் என்று ஒரு சூப்பர்வைசர் கிளம்பினார். லேக்கரில் சேர்க்கும் தின்னரின் ஆவி தூளோடு கொஞ்சம் கலந்தாலே, முன்பு தூளைப் பற்றவைக்காத சின்னப் பொறியும் பற்றவைத்துவிடும். மண்டோர் விடவில்லை, தனிக் குழாய்தான். உங்கள் பக்கம் யாராவது இரண்டையும் சேர்த்து ஓட்டுகிறார்களா?