கனடாவில் கேஷ் சம்பளம் வாங்கலாமா?

கேள்வி: பிராம்ப்டன் வந்து நாலு மாசம் ஆகுது. பி.ஆர்.ல (நிரந்தரக் குடியுரிமை விசா) வந்தோம். மனைவிக்கு சனி, ஞாயிறு ஒரு ஹோட்டல் கிச்சன்ல வேலை கிடைச்சிருக்கு. மணிக்கு 13 டாலர், கையில காசு, பே ஸ்டப் (சம்பளச் சீட்டு) கிடையாது. "வரி பிடிக்க மாட்டேன், உங்களுக்குத்தான் லாபம்"னு ஓனர் சொல்றார். இங்க எல்லாரும் அப்படித்தான்னு தெரிஞ்சவங்களும் சொல்றாங்க. சேரலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. முதல்ல அந்த லாபக் கணக்கைப் போட்டுப் பாருங்க. பிராம்ப்டன் இருக்கற ஒன்டாரியோ மாகாணத்துல 2025 அக்டோபர்ல இருந்து குறைந்தபட்ச சம்பளம் மணிக்கு 17.60 டாலர். வாரம் 16 மணி நேரம்னா, முறையா வாங்கினாலும் வருஷத்துக்கு 14,600 சொச்சம்தான் வரும். ஃபெடரல் (மத்திய அரசு) வரியில 2025-க்கு முதல் 16,129 டாலருக்கு வரி இல்ல (வந்த வருஷத்துக்கு மட்டும் நாள் கணக்குப்படி குறையும்). அதனால வருமான வரின்னு பெருசா எதுவும் பிடிக்கப் போறதில்ல. ஆனா மணிக்கு 4.60 டாலர் கண்ணுக்குத் தெரியாம போகுது. லாபம் யாருக்குன்னா, ஓனருக்கு. உங்க மனைவிக்காக சி.பி.பி. பென்ஷன்ல அவர் கட்ட வேண்டிய 5.95 சதவீதம், இ.ஐ.ங்கிற வேலை இழப்புக் காப்பீட்டுப் பங்கு, விபத்துக் காப்பீடு எல்லாமே அவருக்கு மிச்சம்.

நான் இதை அனுபவிச்சுதான் சொல்றேன். வந்த புதுசுல நானும் ஒரு கிச்சன்ல கேஷுக்கு வேலை பார்த்தேன். ஒரு நாள் வெங்காயம் நறுக்கும்போது கை ஆழமா வெட்டிடுச்சு. எமர்ஜென்சிக்குக் கூட்டிட்டுப் போற வழியிலேயே ஓனர், "வீட்ல வெட்டிக்கிட்டேன்னு சொல்லுப்பா"ன்னார். சொன்னேன். மூணு வாரம் வேலைக்குப் போக முடியல, ஒரு காசும் வரல. வேலையில அடிபட்டா ஒன்டாரியோல டபிள்யூ.எஸ்.ஐ.பி.ன்னு விபத்துக் காப்பீட்டு வாரியம் இருக்கு, கையில வாங்கற சம்பளத்துல 85 சதவீதம் கொடுப்பாங்க. ஓனர் பதிவு பண்ணாம இருந்தாலும் தொழிலாளியோட உரிமை போகாதுன்னு அப்ப எனக்குத் தெரியாது. காசு போனதை விட, எனக்குத் தையல் போட்ட டாக்டர்கிட்ட பொய் சொன்னதுதான் இன்னும் உறுத்துது. அந்த ஆஸ்பத்திரி ஓடறதே ஊர்ல எல்லாரும் கட்டற வரியிலதானே.

"ஓனர் டி4 (வருஷச் சம்பள ஸ்லிப்) தரல, அதனால நான் காட்டல"ங்கிற பதில் சட்டத்துல செல்லாது. ஸ்லிப் இல்லாத சம்பளத்தைக் காட்டறதுக்குன்னே வருமான வரி ரிட்டர்ன்ல 10400-ன்னு ஒரு லைன் இருக்கு. கையெழுத்து நம்மளோடது. ஃபைல் பண்ணிக் கொடுக்கறவர் பொய்யா டொனேஷன் ரசீது வெச்சாலும் பொறுப்பு நம்ம தலையிலதான் வந்து விழும். தெரிஞ்சே மறைச்சா, குறைச்சுக் காட்டின வரியில 50 சதவீதம் அபராதம். வழக்குன்னு போனா அதுக்கு மேல அபராதமும் சிறையும் உண்டு. வழக்கமா மூணு வருஷத்துக்கு மேல பழைய ரிட்டர்னைத் தொட மாட்டாங்க, ஆனா மோசடின்னா அந்தக் காலவரம்பே கிடையாது.

நான் அப்புறம் பழைய ரிட்டர்ன்களைத் திருத்தி அந்தச் சம்பளத்தைக் காட்டினேன். வட்டியோட சேர்த்து சில நூறு டாலர்தான் வந்துச்சு. அந்த ஒரு மாசம் போஸ்ட் பாக்ஸைத் திறக்கவே பயமா இருந்துச்சு. சி.ஆர்.ஏ. (கனடா வரித்துறை) நம்மைத் தேடி வர்றதுக்கு முன்னாடி நாமே போய்ச் சொன்னா அபராதத்துல சலுகை தர ஒரு திட்டம் இருக்கு, தேவைப்படறவங்க அதைப் பாருங்க.

இன்னொண்ணு. அதே தெருவுல பே ஸ்டப் கொடுத்து, முழுச் சம்பளம் போட்டுக் கடை நடத்தறவரும் ஒருத்தர் இருப்பார். கேஷ் கடைக்காரர் தோசையை ரெண்டு டாலர் குறைச்சு விக்கறப்போ அடி வாங்கறது அவர்தான்.

வரியைக் குறைக்கறது தப்பில்ல. வளர்ச்சிக்கு வரி இல்லாத சேமிப்புக் கணக்கு டி.எஃப்.எஸ்.ஏ.ல 2025-க்கு 7,000 டாலர், முதல் வீடு வாங்கச் சேமிக்கற எஃப்.எச்.எஸ்.ஏ. கணக்குல வருஷத்துக்கு 8,000, அப்புறம் ஓய்வுக்காலச் சேமிப்பான ஆர்.ஆர்.எஸ்.பி. இதெல்லாம் சட்டமே திறந்து வெச்சிருக்கற வழி. தாராளமா பயன்படுத்துங்க.

கேள்வி: ரொம்ப நன்றி அண்ணா, மனைவிகிட்ட படிச்சுக் காட்டினேன். ஊர்ல என்.ஆர்.இ. (வெளிநாடுவாழ் இந்தியர்) டெபாசிட் இருக்கு. அதோட வட்டிக்கு இந்தியாவுல வரி இல்லையே, இங்க காட்டணுமா?

பதில்: காட்டணும். இங்க ரெசிடென்ட் ஆன நாள்ல இருந்து உலகத்துல எங்க வருமானம் வந்தாலும் கணக்குல வரும். அந்த டெபாசிட், வாடகைக்கு விட்ட வீடு, ஷேர் எல்லாம் சேர்ந்து 1,00,000 கனடிய டாலரைத் தாண்டினா, வெளிநாட்டுச் சொத்தைக் காட்டற டி1135 ஃபாரமும் போடணும், வந்த முதல் வருஷத்துக்கு மட்டும் அந்த ஃபாரம் வேண்டாம். அம்மா அப்பா குடியிருக்கற, வாடகை வராத சொந்த வீடு அந்த 1,00,000-ல சேராது. வங்கிக் கணக்கு விவரங்களை ரெண்டு நாடும் தானாவே பரிமாறிக்குது. ரிட்டர்னுக்குக் கடைசி நாள் ஏப்ரல் 30. மனைவிக்கு வருமானமே இல்லேன்னாலும் ரெண்டு பேரும் போடுங்க, குழந்தை இருந்தா, அப்பதான் சி.சி.பி.ங்கிற குழந்தை உதவித்தொகை தடையில்லாம வரும்.