மாத்திரை வீட்டுக்கு வருகிறது, சரி. பார்த்துக்கொள்வது யார்?

வெள்ளாற்றங்கரை:
பிரஷர், சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் என்றாலே இங்கே பலருக்குக் கிண்டல்தான். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியபோது நானும் விளம்பரம் என்றுதான் நினைத்தேன். ஆனால், எங்கள் அப்பத்தா ஆரம்ப சுகாதார நிலையம் போக வேண்டுமென்றால் துணைக்கு ஒருவர் வேலைக்குப் போகாமல் இருக்க வேண்டும். ஒரு நாள் கூலி போகுமே என்று மாத்திரை தீர்ந்தாலும் வாய் திறக்காது. இப்போது தன்னார்வலர் அக்கா திண்ணையிலேயே பிரஷர் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார்.

தாம்பரம் மீனா:
வந்த மாத்திரையை விழுங்க வேண்டாமா? என் மாமியாரின் சுகர் மாத்திரை மெட்ஃபார்மின் அட்டைகள் பிரிக்காமல் அரிசிப் பானைக்குள் கிடந்தன! கணக்கில் அவர் சிகிச்சை பெறுபவர்.

வெள்ளாற்றங்கரை:
பானையைக் கண்டுபிடித்தது யார்?

தாம்பரம் மீனா:
அந்த அக்காதான், ஒத்துக்கொள்கிறேன். சுகர் 340 காட்டியதும் சமையலறைக்கே வந்துவிட்டார். ஆனால் அதற்குப் பிறகு பக்கவாதம் வந்து மாமியார் படுத்த படுக்கை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் முதுகில் புண். அதற்கு எந்த அக்கா வருவார்? வேலையை விட்டது நான்தான்.

கோவை ராஜன்:
ஏஜென்சியில் ஆள் வையுங்கள். எல்லாவற்றுக்கும் அரசாங்கமா?

தாம்பரம் மீனா:
வைத்தோமே, மாதம் 22 ஆயிரத்துக்கு. வந்த பெண்ணுக்கு டயப்பர் மாற்றக்கூட யாரும் சொல்லித் தரவில்லை. பாவம், அவளைக் குறை சொல்லிப் பயனில்லை. டயப்பர் ஒன்று 40 ரூபாய், நாளைக்கு மூன்று. முதியோர் உதவித்தொகை 1,200 ரூபாய் பத்தே நாளில் காலி.

ஓய்வுபெற்ற நர்ஸ்:
திட்டத்தில் படுக்கையாளிகளைப் பார்க்க வட்டாரத்துக்கு ஒரு நோய்த்தணிப்பு நர்ஸும் (வலி, வேதனையைக் குறைத்துப் பார்த்துக்கொள்பவர்) ஒரு பிசியோதெரபிஸ்டும் உண்டு. வட்டாரம் என்றால் எத்தனை ஊர்! கேரளத்தில் 2008லேயே இதற்கென்று கொள்கை வகுத்து, வேலையைப் பஞ்சாயத்திடம் விட்டார்கள். நர்ஸோடு உள்ளூர்க்காரர்களும் வீடு வீடாகப் போகிறார்கள்.

கோவை ராஜன்:
அங்கே பஞ்சாயத்துகளிடம் காசு இருக்கிறது. இங்கே தெருவிளக்குக்கே மனு கொடுக்க வேண்டியிருக்கிறது.

ஓய்வுபெற்ற நர்ஸ்:
அதைத்தானே நானும் சொல்கிறேன்? காசையும் பஞ்சாயத்திடம் விடட்டும். மீனா, படுக்கையாளிப் பட்டியலில் பெயர் சேர்த்தீர்களா?

தாம்பரம் மீனா:
சேர்த்தாயிற்று, நர்ஸ் ஒரு தடவை வந்து புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டிவிட்டுப் போனார். நன்றாகத்தான் பார்த்தார். அடுத்து எப்போது வருவாரோ. சரி, புரட்டிப் படுக்க வைக்கிற நேரம், அப்புறம் வருகிறேன்.